காணாது இறங்கும் கலை: கருவிப் பறப்புத் தகுதியின் வரலாறும் பலாலி வானும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியில் அமைந்த சுன்னாகம், புலமை மரபாலும் வணிகச் சிறப்பாலும் நன்கு அறியப்பட்ட ஊராகும். வரதபண்டிதரும் அ. குமாரசுவாமிப் புலவரும் (1854–1922) அவ்வூரின் கல்விப் பெருமைக்குச் சான்றாவர். அவ்வூர்ச் சந்தை குடாநாட்டுக் கமக்காரரின் விளைபொருள்களுக்கு நிலைக்களனாயிற்று. 1902 ஆம் ஆண்டில் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் ஓடத் தொடங்கிய புகையிரதம் அவ்வூரின் வழியாகவே சென்றது. இவ்வாறு தரைவழிகளின் கூடலாக விளங்கிய சுன்னாகத்துக்கு வான்வழித் தொடர்பொன்றும் உண்டு என்பது பெரிதும் எண்ணப்படாத செய்தியாகும்.

பலாலி விமான நிலையம் சுன்னாகத்துக்கு வடகிழக்கே, நேர்கோட்டில் ஏறக்குறைய 7 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. அதன் ஓடுபாதை வடகிழக்கு–தென்மேற்காகக் கிடக்கின்றது. விமானம் எதிர்க்காற்றிலேயே இறங்க வேண்டும் என்பது பறப்பியலின் அடிப்படை விதி. எனவே, ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்று வீசும் காலத்தில் பலாலியில் இறங்கும் விமானம் பொதுவாகத் தென்மேற்கிலிருந்து, அதாவது சுன்னாகத்தை அண்டிய வானினூடாக, வந்து சேர வேண்டியதாகின்றது. குடாநாட்டு வானம் மழைமுகிலால் மூடப்படும் காலமும் அதுவே. வழக்கமான மூன்று பாகைச் சரிவில் இறங்கும் விமானமொன்று அவ்விடத்தில் ஏறக்குறைய 1,200 அடி உயரத்தில் இருக்கும். மணிக்கு 120 கடல்மைல் வேகத்தில் அது நிலந்தொட இரண்டு நிமிடமே எஞ்சியிருக்கும். அவ்விரு நிமிடமும் கண்ணாடிக்கு வெளியே வெண்முகிலன்றி வேறொன்றும் தோன்றாவிடின் விமானி எதனைக் கொண்டு வழியறிவான்? இவ்வினாவுக்கு உலகம் கண்ட விடையே கருவிப் பறப்புத் தகுதி எனப்படுவது. விமானியின் உரிமப் பத்திரத்தில் ஒரு வரியாகப் பொறிக்கப்படும் அத்தகுதியின் பின்னால் நீண்ட வரலாறு ஒன்று உண்டு. அவ்வரலாறு பெரிதும் இழப்புக்களால் எழுதப்பட்டது.

புலன்களின் பொய்மை

தொடக்ககால விமானிகள் தம் உடலுணர்வையே பெரிதும் நம்பினர். விமானம் சரிகின்றதா, திரும்புகின்றதா என்பதை இருக்கையில் அமர்ந்தபடியே உணரலாம் என்பது அவர்தம் கொள்கை. இக்கொள்கை பிழையானது என்பதை 1926 ஆம் ஆண்டில் அமெரிக்கப் படை விமானியான வில்லியம் ஓக்கர் தம் உடலிலேயே கண்டுகொண்டார். மருத்துவர் டேவிட் மயர்ஸ் அவரைச் சுழல்நாற்காலியொன்றில் கண்மூடியவாறு இருத்திச் சுழற்றினார். சுழற்சி ஒரே சீராகியபோது அது நின்றுவிட்டதாகவும், உண்மையில் நின்றபோது எதிர்ப்புறமாகச் சுழல்வதாகவும் ஓக்கர் உணர்ந்தார். உட்செவியின் அரைவட்டக் கால்வாய்களிலுள்ள பாய்மம் சுழற்சியின் மாற்றத்தை மட்டுமே அறிவிக்கும். சீரான சுழற்சியை அறிவிக்காது. மனிதன் தரையில் நடப்பதற்கு அமைந்த அவ்வுறுப்பு முகிலினுள் அவனுக்குப் பொய்ச்சான்று கூறுகின்றது. பின்னர் ஓக்கர் திருப்பங்காட்டும் கருவியொன்றைப் பெட்டியில் அமைத்துக்கொண்டு அதே நாற்காலியில் அமர்ந்தார். கருவியைப் பார்த்தே விடையிறுத்த அவர் இம்முறை பிழைக்கவில்லை.

இவ்வுண்மையை வானில் நிலைநாட்டியவர் ஜேம்ஸ் டூலிற்றில் ஆவார். 1929 செப்தெம்பர் 24 ஆம் நாள் நியூயோர்க்கை அடுத்த மிச்சல் களத்தில், மூடியிடப்பட்ட இருக்கையினுள் அமர்ந்து, வெளியே எதனையும் காணாமலே அவர் விமானத்தை எழுப்பி, சுற்றிவந்து, மீண்டும் தரையிறக்கினார். பறப்பு நீடித்தது ஏறக்குறைய 15 நிமிடமே. முன்னிருக்கையில் பாதுகாப்புக்காக அமர்ந்திருந்த பெஞ்சமின் கெல்சி பொறியைத் தொடவில்லை. ஸ்பெரி நிறுவனத்தாரின் செயற்கை அடிவானமும் திசைகாட்டும் சுழலியும், போல் கோல்ஸ்மன் ஆக்கிய நுண்ணிய உயரமானியும், நிலத்திலிருந்து வந்த வானொலிச் சைகையுமே டூலிற்றிலுக்குக் கண்ணாயின.

பயிற்சியின் தோற்றம்

கருவி தோன்றிய அளவில் ஆபத்து நீங்கிவிடவில்லை. கருவியை நம்பவும் படிக்கவும் மனிதனைப் பழக்க வேண்டியிருந்தது. 1934 பெப்ருவரியில் அமெரிக்கப் படை விமானிகளிடம் தபாற் பணி திடீரென ஒப்படைக்கப்பட்டபோது, கருவிப் பறப்பிற் போதிய பயிற்சியற்ற அவர்கள் பனிக்கால இரவுகளில் அடுத்தடுத்து விபத்துக்குள்ளாயினர். சில கிழமைகளுள்ளேயே பலர் மாண்டனர். அதன் பின்னரே, எட்வின் லிங்க் என்பவர் தம் தந்தையாரின் இசைக்கருவித் தொழிற்சாலையில் காற்றுத் துருத்திகளைக் கொண்டு அமைத்திருந்த பயிற்சிப் பொறியைப் படைத்துறை விலைகொடுத்து வாங்கிற்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இலட்சக்கணக்கான விமானிகள் அப்பொறியில் அமர்ந்தே முகிலைக் கற்றனர். இக்காலத்துச் சிமியுலேற்றர்கள் யாவற்றுக்கும் மூதாதை அதுவேயாம்.

பயிற்சி இன்றியமையாதது என்பதை 1954 ஆம் ஆண்டில் இலினோய் பல்கலைக்கழகத்தார் மேற்கொண்ட ஆய்வு அளந்தே காட்டிற்று. கருவிப் பறப்பு அறியாத 20 பேரை, வெளித்தோற்றம் மறைக்கப்பட்ட நிலையில் விமானம் செலுத்தச் செய்தனர். இருபதின்மரும் கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்குச் சென்ற நேரம் சராசரியாக 178 செக்கன். மூன்று நிமிடத்திலும் சற்றுக் குறைவு. சுன்னாகத்து வானிலிருந்து பலாலி ஓடுபாதையை அடையச் செல்லும் நேரத்தோடு இதனை ஒப்பிட்டு நோக்கின், பயிற்சியற்றவனுக்கு முகில் விட்டுவைக்கும் கால இடைவெளி எத்துணைச் சிறிது என்பது புலனாகும்.

சட்டமும் தகுதியும்

1944 ஆம் ஆண்டில் சிக்காகோ நகரில் உருவாகிய உடன்படிக்கை உலக நாடுகளின் பறப்பு விதிகளை ஒருமைப்படுத்தியது. சுதந்திரம் பெற்ற 1948 ஆம் ஆண்டிலேயே இலங்கையும் அதில் இணைந்தது. விமானப் பணியாளரின் உரிமங்களைப் பற்றிய முதலாம் இணைப்பு அதே ஆண்டு ஏப்பிரலில் ஏற்கப்பட்டது. இலங்கையின் உள்நாட்டுச் சட்டமாக 1950 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க வான்செலவுச் சட்டம் அமைந்தது. பின்னர் 2010 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கக் குடிசார் வான்செலவுச் சட்டம் வந்தது.

முதலாம் இணைப்பு வகுக்கும் குறைந்தபட்ச நியமங்கள் ஈண்டு நோக்கற்பாலன. தகுதியை நாடுபவர் முதலில் விமானி உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். பொறுப்பு விமானியாக 50 மணி நேரம் ஊர்விட்டு ஊர் பறந்திருத்தல் வேண்டும். அவற்றுள் 10 மணி நேரமாவது தாம் தகுதி நாடும் வகை விமானத்தில் அமைதல் வேண்டும். கருவிகளைக் கொண்டே செலுத்திய நேரம் 40 மணியாக இருத்தல் வேண்டும். இதில் ஒரு பகுதியை நிலத்திலுள்ள பயிற்சிப் பொறியில் நிறைவேற்றலாமாயினும், குறைந்தது 10 மணி நேரம் ஆசிரியருடன் விமானத்திலேயே பயில வேண்டும். வான்சட்டம், வானிலையியல், வழியறிதல், வானொலித் தொடர்பு முதலியவற்றில் எழுத்துத் தேர்வும், வானில் செய்முறைத் தேர்வும் உண்டு. செவிப்புலனும் சோதிக்கப்படும். பெற்ற தகுதி என்றும் நிலைப்பதன்று. காலந்தோறும் மீளச் சோதனைக்குட்பட்டே அதனைப் பேணல் வேண்டும்.

இந்நியமங்களுள் 50 மணி நேரப் பறப்பு முதலிடம் பெறுவதற்குக் காரணமுண்டு. கண்ணால் கண்டு வழியறியும் அனுபவம் முதிர்ந்தவனே காணாத வழியை மனத்தில் வரைய வல்லவனாவான். 40 மணி நேரக் கருவிப் பறப்போ உடலின் கூற்றை மறுத்துக் கருவியின் கூற்றை ஏற்கும் பழக்கத்தை விளைவிக்கின்றது. இதனை நூலறிவால் மட்டும் எய்த முடியாது. தலை சுற்றும் வேளையிலும் கை நடுங்காது நிற்றல் பழக்கத்தால் வருவது.

மற்றுமொரு விதி இங்கே சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. முதல் வகைக் கருவி இறக்கத்தில் நிலத்துக்கு மேல் 200 அடி உயரத்துக்கு வந்தபின்னும் ஓடுபாதையோ அதன் விளக்குகளோ தோன்றாவிடின், விமானி இறக்கத்தைக் கைவிட்டு மேலெழ வேண்டும். பயணிகளின் அவசரமும் எரிபொருட் செலவும் அங்கே கருதப்படா. திரும்பிச் செல்வதையும் ஒரு திறமையாகப் பயிற்றுவிப்பதே இக்கல்வியின் மேன்மை எனலாம்.

இலங்கை மண்ணில் கற்ற பாடம்

கருவி கொண்டு வழியறிதல் வடபுலத்தார்க்குப் புதியதன்று. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், விண்மீனையும் திசையறி கருவியையும் துணைக்கொண்ட மாலுமிகளால் செலுத்தப்பட்டு 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையை அடைந்தது. ஆயின் கப்பலோட்டி வழி ஐயமுற்றவிடத்துப் பாயைச் சுருக்கிப் பொழுது புலரும்வரை காத்திருக்கலாம். விமானிக்கு அவ்வாய்ப்பு இல்லை. நின்றால் வீழும் ஊர்தி அவனுடையது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய வான்படையினர் பலாலியில் களம் அமைத்தனர். 1947 டிசெம்பர் 10 ஆம் நாள் எயர் சிலோன் நிறுவனத்தின் முதற் பறப்பு இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை எனக் குறிக்கப்பட்ட இந்நிலையத்தின் வழியாகச் சென்னையை அடைந்தது. இலங்கையின் தேசிய வான்சேவை அதன் முதல் நாளிலேயே குடாநாட்டு மண்ணைத் தொட்டது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. பருவமழை நாள்களிலும் சேவை நடைபெற வேண்டுமெனின் கருவிப் பறப்பில் வல்ல விமானிகள் தேவை என்பது சொல்லாமலே அமையும்.

குடாநாடு மட்டமான நிலம். விமானத்துக்கு இடையூறாகும் மலை அங்கில்லை. தென்னிலங்கையோ அத்தகையதன்று. 1974 டிசெம்பர் 4 ஆம் நாள் இரவு, இந்தோனேசிய ஹஜ் பயணிகளை ஏற்றிக்கொண்டு சுரபாயாவிலிருந்து கட்டுநாயக்காவை நோக்கி வந்த மார்ட்டினயர் நிறுவனத்தின் டீ.சீ. 8 விமானம் மஸ்கெலியாப் பகுதியின் ஏழு கன்னியர் மலையில் மோதியது. அதிலிருந்த 191 பேரும் மாண்டனர். விமான நிலையத்திலிருந்து தாம் எவ்வளவு தொலைவில் உள்ளோம் என்பதைச் சரிவர உறுதிசெய்யாமலே பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கினர் என்பதும், தொலைவை அறிய விமானத்திலிருந்த டொப்ளர், வானிலை ராடார் என்பவற்றையே சார்ந்திருந்தமை தவறான பொருள்கோடலுக்கு இடமளித்தது என்பதும் விசாரணையின் முடிவு.

நான்கு ஆண்டுகளின் பின்னர், 1978 நவம்பர் 15 ஆம் நாள் இரவு, ஜித்தாவிலிருந்து ஹஜ் பயணிகளோடு திரும்பிய ஐஸ்லாந்து நிறுவனமொன்றின் டீ.சீ. 8 விமானம் கட்டுநாயக்காவில் கருவி இறக்கத்தின்போது தென்னந்தோட்டத்தில் வீழ்ந்தது. 262 பேரில் 183 பேர் உயிரிழந்தனர். விதித்த இறக்க முறையைப் பணியாளர் பின்பற்றாமையும், உயரத்தையும் இறங்கும் வேகத்தையும் அறியக் கிடைத்த கருவிகள் யாவற்றையும் அவர்கள் பயன்படுத்தாமையுமே காரணம் என இலங்கை விசாரணையாளர் கூறினர். நிலையத்தின் வழிகாட்டும் கருவியே பிழையான சைகை தந்தது என்பது ஐஸ்லாந்துத் தரப்பினரின் வாதம்.

இரு தரப்பில் எவர் கூற்றை ஏற்பினும் வெளிப்படும் பாடம் ஒன்றேயாகும். நிலக்கருவி பிழைத்திருப்பின் உயரமானி அதனைக் காட்டிக்கொடுத்திருக்கக் கூடும். அது பிழைக்கவில்லையாயின் உயரமானியை நோக்காமை இன்னும் பெருந்தவறாகும். உடலை நம்பாதே என்பது ஓக்கரும் டூலிற்றிலும் உணர்த்திய முதற்பாடம். ஒரு கருவியை மட்டும் நம்பாதே, ஒன்றை மற்றொன்றால் சோதித்தறி என்பது மஸ்கெலியாவிலும் கட்டுநாயக்காவிலும் 374 உயிர்களை விலையாகக் கொண்ட இரண்டாம் பாடம். இத்தகைய விபத்துக்கள் பல நாடுகளிலும் நிகழ்ந்ததன் பயனாகவே, விமானியறையிலுள்ளோர் ஒருவரையொருவர் கண்காணித்துப் பிழையை வாய்விட்டுரைக்கும் ஒழுங்கு 1979 ஆம் ஆண்டுக்குப் பின்னர்த் தனிப் பயிற்சியாக வளர்ந்தது. 1989 இல் மனிதச் செயலாற்றலும் உரிமத்துக்குரிய பாடமாயிற்று.

இன்றைய நிலை

போர் பலாலியை மூடியது. 1990 இல் நிலையத்தைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கு மக்கள் தம் ஊர்களை விட்டு நீங்கினர். அவர்களுட் பலர் சுன்னாகம், மல்லாகம் பகுதிகளின் முகாம்களிலேயே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். 2019 ஒக்டோபர் 17 ஆம் நாள் பலாலி, யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் தொடங்கிய சென்னைச் சேவை 2020 இன் பெருந்தொற்றால் தடைப்பட்டு, 2022 டிசெம்பரில் மீண்டது.

வானம் திறந்துள்ளதாயினும் விமானியாகும் வழி வடபுலத்து மாணவனுக்கு எளிதாகிவிடவில்லை. இலங்கையின் பறப்புக் கல்வி நெடுங்காலமாக இரத்மலானையைச் சூழ்ந்தே வளர்ந்தது. ஒவ்வொரு பயிற்சி மணிக்கும் பெரும்பொருள் செலவாகும். 2008 முதல் ஆங்கில மொழித்திறனும் சர்வதேசப் பறப்புக்குரிய நிபந்தனையாயிற்று. எனினும் இத்தகுதிக்கு அடித்தளமான பௌதிகம், கணிதம், புவியியல் ஆகியன எம் பாடசாலைகளில் தமிழிலேயே கற்பிக்கப்படுகின்றன. காற்றுத் திசையையும் சரிவுக் கோணத்தையும் கொண்டு பலாலி இறக்கத்தைக் கணிப்பது உயர்தர வகுப்பு மாணவனுக்கு இயலாததன்று. வகுப்பறைக் கல்வியைத் தம் வானத்தோடு பொருத்திக் காட்டும் ஆசிரியர் வாய்ப்பின், அம்மாணவன் ஏறவேண்டிய படிகளுள் முதற்படி சுன்னாகத்திலேயே அமைந்துவிடும்.

பாதுகாப்பு என்பது கருவியில் மட்டுமோ துணிவில் மட்டுமோ தங்கியிருப்பதன்று. தன் புலன் பிழைக்கும் என்றறிந்து கருவியை நாடுதலும், கருவியும் பிழைக்கும் என்றறிந்து மற்றொன்றால் அதனைச் சோதித்தலும், இரண்டும் ஐயமாயின் திரும்பிச் செல்லத் தயங்காமையும் ஒருங்கே அமைந்த மனப்பயிற்சியே அது. நாற்பது மணி நேரக் கணக்கு அப்பயிற்சியின் தொடக்கத்தையே குறிக்கின்றது. உரிமப் பத்திரத்தின் அந்த ஒற்றை வரியை நம்பியே, முகில் மூடிய வானில் அறிமுகமற்ற ஒருவரிடம் பயணிகள் தம் உயிரை ஒப்படைக்கின்றனர்.