பச்சைத்தோலும் பெயரடையும்

ஆம்பூர், வாணியம்பாடித் தோல் மண்டிகளில் வழங்கும் நான்கு தொடர்களை நோக்குங்கள்: ஆட்டுத்தோல், பச்சைத்தோல், பதனிட்ட தோல், நல்ல தோல். (பச்சை என்பது இங்கே நிறமன்று, பதனிடப்படாதது என்பது பொருள்.) ஆங்கில இலக்கணம் பயின்ற மாணவர், முன்னிற்கும் நான்கு சொற்களையும் ‘பெயரடை’ என்று ஒரே கூடையில் போட்டுவிடுவார். தமிழ் மரபோ முதலாவதை ஆறாம் வேற்றுமைத்தொகை என்னும். இரண்டாவதைப் பண்புத்தொகை என்னும். மூன்றாவது தெரிநிலைப் பெயரெச்சம். நான்காவது குறிப்புப் பெயரெச்சம்.

தொல்காப்பியர் பெயர், வினை என்ற இரண்டையே முதன்மையாகக் கொண்டார். இடையும் உரியும் அவற்றைச் சார்ந்து வருவன. பண்புணர்த்தும் சொற்கள் சில உரியியலில் இடம்பெற்றாலும், பெயரடைக்குத் தனி வகுப்பு இல்லை.

இது குறைபாடு என எண்ணிவிடாதீர்கள். கி.மு. 2ஆம் நூற்றாண்டினரான திராக்சின் பெயரால் வழங்கும் கிரேக்க இலக்கணம் எட்டுச் சொல்வகைகளைக் கூறுகிறது. அதிலும் அடைமொழி பெயருக்குள் அடக்கம். இலத்தீன் இலக்கணம் வகுத்த பிரிசியனும் அவ்வாறே கொண்டார். அம்மொழிகளில் அடைமொழியும் பெயரைப் போலவே வேற்றுமை உருபேற்கும் என்பதே காரணம். ஐரோப்பிய இலக்கணங்களில் அது தனிவகுப்பாக நிலைபெற்றது 18ஆம் நூற்றாண்டில்தான்!

தமிழில் வழக்கு இன்னும் தீரவில்லை. ‘சென்ற மாதம் ஆவாரம்பட்டையால் பதனிட்ட தோல்’ எனலாம். ‘பதனிட்ட’ என்பதில் வினையின் ஆற்றல் குன்றவில்லை. ‘சென்ற மாதம் நல்ல தோல்’ என்று சொல்லிப் பாருங்கள், பொருந்தாது. ஆகவே நல்ல, பெரிய, சிறிய போன்ற சிலவற்றையேனும் பெயரடை எனத் தனியே பிரிக்கவேண்டும் என்பர் மொழியியலாருள் ஒரு சாரார். பெயரெச்சத்திலேயே அடங்கும் என்பர் மற்றொரு சாரார்.