தானியங்கித் தடுப்பும் சட்டமும்: ஆர்மா விபத்திலிருந்து மோட்டார் வண்டிவரை

‘தானியங்கி’ என்னும் சொல்லை நாம் இன்று தாராளமாக வழங்குகின்றோம். புகையிரதத் தடுப்பின் வரலாற்றிலோ அதற்குக் கறாரானதொரு பொருள் இருந்தது: கருவி பழுதுற்றால் வண்டி நின்றுவிட வேண்டும்.

அமெரிக்கரான ஜோர்ஜ் வெஸ்ரிங்ஹவுஸ் 1869 இல் அமைத்த காற்றுத் தடுப்புக்கு இப்பண்பு இருக்கவில்லை. குழாய் அறுந்தால் தடுப்பும் அற்றுப்போகும். 1872 இல் அவர் அதனைத் தலைகீழாக்கினார். குழாயிலுள்ள அமுக்கம் தடுப்பை விலக்கி வைத்திருக்கும். அமுக்கம் குறைந்தால், ஒவ்வொரு பெட்டியிலும் சேமித்துள்ள காற்றே தடுப்பை இயக்கும்.

எனினும் வழி தெரிந்திருந்தது என்பதால் மட்டும் கம்பனிகள் அதனைக் கைக்கொண்டுவிடவில்லை. 1889 யூன் 12 ஆம் நாள், அயர்லாந்தின் ஆர்மா நகரிலிருந்து ஞாயிறு பாடசாலைச் சிறுவர்களையும் பெற்றோரையும் ஏற்றிச் சென்ற சுற்றுலா வண்டி ஏற்றமொன்றில் நின்றுவிட்டது. ஊழியர் வண்டியை இரண்டாகப் பிரித்து, முற்பகுதியை முதலில் கொண்டுசெல்ல முற்பட்டனர். அவ்வண்டியிலிருந்தது எளிய வெற்றிடத் தடுப்பு. பிரித்த கணமே பின்னிருந்த பத்துப் பெட்டிகளும் அதனை இழந்தன. எஞ்சியவை ஒரு கைத்தடுப்பும் சில்லுகளின் கீழ் வைத்த கற்களுமே. பெட்டிகள் பின்னோக்கி உருண்டு, தொடர்ந்து வந்த வண்டியுடன் மோதின. எண்பது பேர் மாண்டனர். அவர்களுட் பலர் சிறுவர். பிரித்தானிய வர்த்தகச் சபையின் அதிகாரிகள் ஆண்டுக்கணக்காக வலியுறுத்தியும் நடவாத காரியம் அவ்வாண்டிலேயே சட்டமாயிற்று. பயணிகள் வண்டிகளில் தொடர் தானியங்கித் தடுப்பு கட்டாயமாக்கப்பட்டது.

வீதிக்கு வருவோம். கண்பார்வையற்ற பொறியியலாளரான றால்ப் ரீற்றர் 1950 இல் காப்புரிமம் பெற்ற வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கிறைஸ்லர் நிறுவனம் 1958 ஆம் ஆண்டு வண்டிகளிற் பொருத்தி விற்றது. எந்தச் சட்டமும் அதனைக் கேட்கவில்லை. வசதியாக அது விலைபோயிற்று. குறித்த வேகத்தைக் காப்பதே அதன் பணி. முன்னே என்ன நிற்கிறது என்பதை அது அறியாது.

அந்தக் குறையை நீக்கும் முயற்சி பல பத்தாண்டுகள் பிந்தியது. 1995 இல் மிற்சுபிசி லேசர்க் கதிரால் இடைவெளியை அளந்தது; ஆயினும் எரிபொருளைக் குறைத்தும் கியரை இறக்கியுமே வேகத்தைத் தணித்தது, தடுப்பைத் தொடவில்லை. 1999 இல் மேர்சிடஸ் பென்ஸ் றேடாரைத் தடுப்புடன் இணைத்தது. இங்கு வடிவமைப்பாளர் எதிர்கொண்ட சிக்கல் உண்மையானது. பாலத்தையும் பெயர்ப்பலகையையும் தடையெனக் கருதி வண்டி திடீரென நின்றால், பின்னால் வருபவன் மோதுவான். ஆகவே அசையாப் பொருள்களைப் பெரும்பாலும் புறக்கணிக்குமாறு தொடக்ககாலக் கருவிகள் அமைக்கப்பட்டன. நின்றுவிட்ட லொறியும் அசையாப் பொருளே. உணரி அழுக்கால் மறைபட்டாற் கருவி எச்சரித்து ஒதுங்கிவிடும்; பொறுப்பு சாரதியிடம் திரும்பும். வெஸ்ரிங்ஹவுஸின் நியதி வீதியில் அப்படியே செல்லாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாற் சாரதியின் கவனத்தைத் தளரவிட்ட கருவியே, தான் தோற்கும் கணத்தில் அவனது முழுக் கவனத்தையும் கோருவது முரண்பாடன்றோ?

தன்னியக்க அவசரத் தடுப்பை ஐரோப்பிய ஒன்றியம் புதிய மாதிரிக் கார்களுக்கு 2022 இலும், புதிய கார்கள் அனைத்துக்கும் 2024 இலும் கட்டாயமாக்கியது. ஐக்கிய அமெரிக்காவில் 2016 இல் இருபது உற்பத்தியாளர் தாமாகவே வாக்குறுதியளித்தனர். 2024 இல் அரசு அதனைக் கடுமையான நியமங்களுடன் விதியாக்கி, 2029 செப்ரெம்பர் வரை அவகாசம் கொடுத்தது. 2025 சனவரியில் உற்பத்தியாளர் கூட்டமைப்பு அவ்விதியை எதிர்த்து நீதிமன்றம் சென்றது.