பாக் விரிகுடாவில் ஒரு கோடு

திருமழபாடியில் கொள்ளிடத்து மணலைப் பார்த்திருப்பீர்கள். காவிரியும் கொள்ளிடமும் கடலில் சேர்க்கும் வண்டலில் ஒரு பகுதியை, வடகிழக்குப் பருவ நீரோட்டம் கோடியக்கரையையும் தாண்டிப் பாக் விரிகுடாவுக்குள் கொண்டுபோகிறது. ஆழம் பெரும்பாலும் 15 மீட்டருக்கும் குறைவு, இறாலுக்கேற்ற தரை.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். நாட்டுக்கு 12 கடல் மைல், அதாவது 22 கிலோமீட்டர் என்றால் இடம் ஏது? ஆகவே 1974இல் இந்தியாவும் இலங்கையும் இடையே எல்லை வகுத்தன. கச்சத்தீவு இலங்கைப் பக்கம் சென்றது.

இறாலுக்கு இந்தக் கோடு தெரியுமா? அதைத் தேடி நம் இழுவைப் படகுகள் கோட்டைத் தாண்டுகின்றன, சிறைப்படுகின்றன. அறுபடுவது பெரும்பாலும் யாழ்ப்பாண, மன்னார்த் தமிழ் மீனவரின் வலைகள். 2017இல் இலங்கை இழுவைமடியைத் தடைசெய்தது. அதே ஆண்டில் இந்தியா, படகுகளை ஆழ்கடல் சூரை மீன்பிடிப்புக்கு மாற்றும் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் ஆழ்கடல் விரிகுடாவுக்கு வெளியே! ஓரிரவில் கரைதிரும்பிப் பழகியவர் நாட்கணக்கில் கடலில் தங்கவேண்டும்.