பேஸ் கிதார் செய்வதற்கான மரமும் பிக்கப்பும்

பேஸ் கிதார் என்பது தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் மின்சாரத் தந்தி இசைக்கருவி ஆகும். பொதுவாக இதற்கு நான்கு தந்திகள் உண்டு. இவை தாழ்ந்த சுரத்திலிருந்து முறையே ஈ, ஏ, டி, ஜி எனச் சுருதி சேர்க்கப்படுகின்றன. ஈ தந்தியின் அதிர்வெண் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். ஜி தந்தியின் அதிர்வெண் 98 ஹெர்ட்ஸ். பெரும்பாலான பேஸ் கிதார்களின் உடற்பகுதி உட்கூடு இல்லாத கெட்டி மரப்பலகை என்பதால், தச்சு வேலையில் ஓரளவு பழக்கம் உள்ளவர்கள் இதனைத் தாமே செய்துகொள்வது உண்டு. முதன்முறையாகச் செய்வோர் எடுக்க வேண்டிய முக்கிய முடிவுகள் இரண்டு. ஒன்று, மரம், மற்றொன்று, தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் பிக்கப். மரம் கருவியின் எடை, உறுதி, ஆயுள் ஆகியவற்றைத் தீர்மானிக்கிறது. பெருக்கியின் வழியே கேட்கும் ஒலியைப் பெரும்பாலும் பிக்கப்பின் வகையும் அது அமையும் இடமுமே தீர்மானிக்கின்றன.

வரலாறு

1930களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரைச் சேர்ந்த பால் டட்மார்க், கிடையாகப் பிடித்து வாசிக்கத்தக்க, மெட்டுக்கள் பதித்த மின்சார பேஸ் கருவியை உருவாக்கினார். எனினும் இக்கருவி பரவலானது 1951 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் புல்லர்ட்டன் நகரில் லியோ ஃபெண்டர் வெளியிட்ட பிரிசிசன் பேஸ் மூலமே ஆகும். ஆஷ் மரத்தாலான உடற்பகுதியுடன் மேப்பிள் மரக் கழுத்து திருகாணிகளால் இணைக்கப்பட்டிருந்தது. தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம் (ஏறத்தாழ 864 மி.மீ.) ஆகும். இந்நீளமே இன்றும் பெருவழக்காக உள்ளது. 1957 இல் இதன் பிக்கப் இரு பாதிகளாகப் பிரிக்கப்பட்டது. 1960 இல் இரண்டு பிக்கப்புகளைக் கொண்ட ஜாஸ் பேஸ் வெளிவந்தது.

உடற்பகுதிக்கான மரம்

உடற்பகுதியின் தடிப்பு பொதுவாக 44 மி.மீ. அளவில் இருக்கும். இதற்குப் பயன்படும் மரங்களும், உலர்ந்த நிலையில் ஒரு கன மீட்டருக்கு அவற்றின் தோராயமான எடையும் வருமாறு:

* பாஸ்வுட் - 415 கிலோகிராம். மென்மையானது, செதுக்க எளிது, எளிதில் பள்ளம் விழும். பெயர் ஒத்திருப்பினும் பேஸ் இசைக்கும் இதற்கும் தொடர்பு இல்லை.
* ஆல்டர் - 450 கிலோகிராம். சீரான இழை கொண்டது. வண்ணம் பூச ஏற்றது.
* மகாகனி - 590 கிலோகிராம். கிப்சன் நிறுவனத்தின் பேஸ் கிதார்களில் பயன்பட்டது.
* மேப்பிள் (கடினவகை) - 700 கிலோகிராம். உறுதியானது, உடற்பகுதிக்குச் சற்றுப் பாரமானது.

உடற்பகுதியின் கன அளவை 5 லிட்டர் எனக் கொண்டால், ஆல்டரில் அது 2.25 கிலோகிராமும் மேப்பிளில் 3.5 கிலோகிராமும் எடையிருக்கும். தோளில் மாட்டி இரண்டு மணி நேரம் வாசிப்பவருக்கு இவ்வேறுபாடு பெரிது. மறுபுறம், உடற்பகுதி மிகவும் இலேசாக இருந்தால் நீண்ட கழுத்து தரையை நோக்கித் தாழும். எனவே நடுத்தர எடையுள்ள மரமே முதல் கருவிக்கு ஏற்றது. எந்த மரமாயினும் நன்கு உலர்ந்ததாக இருத்தல் வேண்டும். ஈரப்பதம் 6 முதல் 8 விழுக்காடு வரை இருப்பது விரும்பத்தக்கது. ஈரம் மிகுந்த மரம் பின்னர் சுருங்கி, ஒட்டிய இடங்களில் பிளவுபடக்கூடும்.

கழுத்துக்கான மரம்

நான்கு தந்திகளும் சேர்ந்து 70 முதல் 80 கிலோகிராம் எடைக்கு ஈடான விசையுடன் கழுத்தை இழுக்கின்றன. ஆகவே மரத் தெரிவில் மிகுந்த கவனம் தேவைப்படும் பகுதி கழுத்தே ஆகும். கடினவகை மேப்பிள் இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. மரத்தின் இழைகள் நேராகவும், கழுத்தின் நீளவாக்கிலும் ஓட வேண்டும். இழை குறுக்காக வெளியேறும் பலகை காலப்போக்கில் முறுகும். மூன்று அல்லது ஐந்து பட்டைகளை, அவற்றின் இழைகள் எதிரெதிராக அமையுமாறு ஒட்டிச் செய்தால் முறுகல் குறையும். இழுவிசையால் ஏற்படும் வளைவைச் சரிசெய்ய, ட்ரஸ் ராட் எனப்படும் எஃகுத் தண்டு கழுத்தினுள் பதிக்கப்படுகிறது. இது முன்பின் வளைவை மட்டுமே திருத்தும், முறுகலைத் திருத்தாது.

பல பேஸ் கிதார்களில் ஜி தந்தியின் ஐந்தாம் மெட்டு முதல் ஏழாம் மெட்டு வரையிலான பகுதியில் ஒரு சுரம் மட்டும் விரைவில் மங்கிவிடுவதுண்டு. அச்சுரத்தின் அதிர்வெண் கழுத்தின் இயல்பதிர்வெண்ணை நெருங்கும்போது தந்தியின் ஆற்றலைக் கழுத்து உறிஞ்சிக்கொள்வதே இதன் காரணம். மரத்தின் விறைப்பு ஒலியில் தெளிவாக உணரப்படும் இடங்களுள் இதுவும் ஒன்று.

மரமும் ஒலியும்

உடற்பகுதி மரத்தின் இனம் ஒலியை எவ்வளவு மாற்றுகிறது என்பது நெடுங்கால விவாதத்துக்குரியது. பிக்கப் தந்தியின் அசைவை மட்டுமே உணர்கிறது. மரத்தின் தாக்கம், அது தந்தியின் அசைவை மாற்றும் அளவுக்கே வெளிப்படும். 1969 இல் டான் ஆம்ஸ்ட்ராங் வடிவமைத்து ஆம்பெக் நிறுவனம் வெளியிட்ட பேஸ் கிதாரின் உடற்பகுதி ஒளிபுகும் அக்ரிலிக்கால் ஆனது. 1980களில் ஸ்டைன்பெர்கர் நிறுவனம் கரியிழைக் கலவையால் பேஸ் கிதார்களைச் செய்தது. இவை இரண்டும் இசைக்கலைஞர்களால் விரும்பி வாசிக்கப்பட்டன. குவீன் இசைக்குழுவின் பிரையன் மே 1963 இல் தம் தந்தையுடன் செய்யத் தொடங்கிய கிதாரின் கழுத்து, பழைய கணப்படுப்பின் மகாகனிச் சட்டத்திலிருந்து செதுக்கப்பட்டது. உடற்பகுதியில் ஒட்டுப்பலகையும் உண்டு. விலையுயர்ந்த மரம் நல்ல ஒலிக்கு இன்றியமையாதது அன்று என்பதற்கு இவை சான்றுகளாகும்.

பிக்கப்

செயற்படும் விதம்

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பியைப் பல்லாயிரம் சுற்றுகள் சுற்றிய அமைப்பு ஆகும். எஃகு அல்லது நிக்கல் தந்தி காந்தப்புலத்தில் அசையும்போது, மின்காந்தத் தூண்டலால் சுருளில் மாறுமின்னழுத்தம் உண்டாகிறது. நைலான் தந்தியை இது உணராது. சுற்றுகளின் எண்ணிக்கை கூடினால் ஒலியளவு கூடும். ஆனால் உயர் அதிர்வெண்கள் குறையும்.

வகைகள்

* ஒற்றைச் சுருள்: தெளிவான ஒலி தரும், மின்கம்பிகளிலிருந்து வரும் இரைச்சலையும் சேர்த்துப் பெறும்.
* பிரிந்த சுருள்: 1957க்குப் பிந்தைய பிரிசிசன் பேஸ் வகை. இரு பாதிகளும் எதிர்த்திசையில் சுற்றப்பட்டு, எதிர்க் காந்தமுனைகள் கொண்டிருப்பதால் இரைச்சல் நீங்கி, தந்தியின் குறிப்பு மட்டும் எஞ்சும்.
* இரட்டை ஒற்றைச்சுருள்: ஜாஸ் பேஸ் வகை. இரண்டையும் சம அளவில் திறந்தால் இரைச்சல் நீங்கும். ஒன்றை மட்டும் பயன்படுத்தினால் இரைச்சல் கேட்கும்.
* இரட்டைச் சுருள்: அருகருகே இரு சுருள்கள் கொண்டது. 1976 இல் வெளிவந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே இவ்வகை பிக்கப்புடன் மின்கலத்தால் இயங்கும் முன்பெருக்கியையும் கொண்டிருந்தது.

அமையும் இடம்

தந்தி அதன் முழு நீளத்தில் மட்டுமன்றி, இரண்டு, மூன்று, நான்கு சம பகுதிகளாகவும் ஒரே நேரத்தில் அதிர்கிறது. இவற்றால் மேற்சுரங்கள் பிறக்கின்றன. 864 மி.மீ. தந்தியில் குதிரையிலிருந்து கால் பங்கு தொலைவில், அதாவது 216 மி.மீ. தொலைவில், பிக்கப்பை வைத்தால் இரு பகுதி அதிர்வு மிகுதியாகக் கேட்கும். நான்கு பகுதி அதிர்வு அறவே கேட்காது. மெட்டின் மேல் விரல் வைத்தவுடன் தந்தியின் நீளம் குறைவதால் இவ்விகிதமும் மாறிவிடும். எனவே எல்லாச் சுரங்களுக்கும் பொருந்தும் ஒரே சிறந்த புள்ளி என ஒன்று இல்லை. பொதுவாகக் கழுத்தருகே வைத்தால் ஒலி ஆழமாகவும், குதிரையருகே வைத்தால் கூர்மையாகவும் இருக்கும். 1970களில் ஜாஸ் பேஸின் பின்புற பிக்கப் ஏறத்தாழ ஒரு செ.மீ. மட்டுமே குதிரையை நோக்கி நகர்த்தப்பட்டது. இவ்வேறுபாட்டையும் வாசிப்போர் உணர்கின்றனர்.

முதல் கருவிக்கான தெரிவு

முதல் கருவிக்குப் பிரிந்த சுருள் பிக்கப் ஒன்றே போதுமானது. ஒலியளவுக்கும் தொனிக்குமாக இரண்டு 250 கிலோ ஓம் மாறுமின்தடைகளும், 0.047 மைக்ரோபாரட் மின்தேக்கி ஒன்றும் இதற்குத் தேவை, மின்கலம் தேவையில்லை. குதிரை, பிக்கப், ட்ரஸ் ராட் ஆகியவற்றை முதலில் வாங்கி அளந்து, முழு அளவு வரைபடம் வரைந்த பின்னரே மரத்தை அறுத்தல் வேண்டும். பிக்கப்புக்கான குழியை வெட்டும் முன், தந்திகளைத் தற்காலிகமாகப் பூட்டி, பிக்கப்பைத் தலைகீழாகத் தந்திகளுக்கு மேலே பிடித்து நகர்த்திப் பெருக்கியில் கேட்கலாம். மேலிருந்தும் பிக்கப் தந்தியை உணரும் என்பதால், விரும்பும் ஒலி கிடைக்கும் இடத்தை இவ்வாறு கண்டறியலாம். தவறான இடத்தில் வெட்டிய குழியை மறைப்பது கடினம்.

மரங்களின் கிடைப்பு

விரற்பலகைக்குப் பெரிதும் பயன்படும் இந்திய ரோஸ்வுட், தமிழில் ஈட்டி அல்லது தோதகத்தி எனப்படும். இது மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கையாக வளர்கிறது. பிரேசில் ரோஸ்வுட்டின் பன்னாட்டு வணிகத்துக்கு 1992 முதல் சைட்டிஸ் உடன்படிக்கையின் மிகக் கடுமையான கட்டுப்பாடு உள்ளது. 2017 இல் ஈட்டி உட்பட அப்பேரினம் முழுவதும் இவ்வுடன்படிக்கையின் கீழ் வந்தது. முழுமை பெற்ற இசைக்கருவிகளுக்கு 2019 இல் விலக்கு அளிக்கப்பட்டது. வட அமெரிக்காவில் 2002 இல் கண்டறியப்பட்ட மரகதத் துளைப்பான் வண்டு ஆஷ் மரங்களை அழித்து வருவதால், ஃபெண்டர் நிறுவனம் 2020 இல் அம்மரத்தின் பயன்பாட்டைக் குறைத்தது. அரிய மரங்களைத் தவிர்த்து, பழைய அறைகலன்களின் நன்கு உலர்ந்த மரத்தைப் பயன்படுத்துவது முதல் முயற்சிக்குச் சிக்கனமானது, காட்டுக்கும் கேடில்லாதது.

இவற்றையும் பார்க்க

* கிதார்
* மின்காந்தத் தூண்டல்
* ஈட்டி (மரம்)