புளி போட்டுத் தேய்ச்ச காசு

இருபது வருசம் இருக்கும். மழை விட்ட மறுநாள் சோளக்காட்டில் களை எடுக்கும்போது சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பச்சைத் தகடு கிடைச்சுதுங்க. சதுரமா இருந்துச்சு. வீட்டுக்குக் கொண்டுவந்து, புளியும் சாம்பலும் போட்டு ஒரு நாழி நல்லாத் தேய்ச்சேன். தங்கமா இருக்குமோன்னு ஒரு நப்பாசைதான். செம்பு பளபளன்னு வந்துச்சு. அதுல இருந்ததெல்லாம் போயிருச்சு.

அப்புறம் பழைய காசு சேர்க்கிற ஒரு வாத்தியாரிடம் காட்டினேன். சாய்ச்சுச் சாய்ச்சுப் பார்த்தார். ஒரு ஓரத்தில் யானைக்கால் மாதிரி ரெண்டு கோடு. "பாண்டியர் காசா இருந்திருக்கலாம். அந்தப் பச்சையைத் தேய்ச்சிருக்கக் கூடாதுங்க"ன்னார். செம்பு ரொம்ப நாள் மண்ணுக்குள் கிடந்தால் மேல்தோலே பச்சையா மாறிடும். உருவமும் எழுத்தும் அந்தத் தோலில்தான் இருக்குமாம். நான் அழுக்குன்னு நினைச்சு உரிச்சது காசோட முகத்தை!

அன்னைக்கிருந்து இதைப் பத்திப் படிக்கவும் கேட்கவும் ஆரம்பிச்சேன். நம்ம நாட்டின் ரொம்பப் பழைய காசு வெள்ளி முத்திரைக் காசு. வெள்ளியைத் தகடாத் தட்டி, துண்டு போட்டு, தராசில் வைப்பாங்க. எடை கூடினால் மூலையைக் கத்தரிச்சுடுவாங்க. ஒரு காசு சுமார் மூன்றரை கிராம். அப்புறம் சூரியன், மலை, மரம்னு ஒவ்வொரு அச்சா வைச்சு அடிப்பாங்க. போடிநாயக்கனூரில் கிடைச்ச முத்திரைக் காசுகளின் பின்பக்கம் மீன் மாதிரிக் குறி இருக்கிறதால, அதைப் பாண்டியர் காசுன்னு சொல்றாங்க.

ரெண்டு பக்கமும் உருவம் வர்ற காசுக்கு வேலை வேற. கீழ் அச்சைப் பட்டறையில் பதிச்சிருப்பாங்க. வில்லையை அதுமேல வைச்சு, மேல் அச்சைக் கையில் பிடிச்சு, சம்மட்டியால் ஒரே போடு. கை கொஞ்சம் நகர்ந்தால் ராசா தலை பாதி வெளியே போயிடும். விளிம்பு வெடிக்கும். அதனால ஒரு காசு மாதிரி இன்னொண்ணு இருக்காது. விவரமானவங்க முதல்ல விளிம்பைத்தான் பார்ப்பாங்க. ஒட்டுக்கோடு தெரிஞ்சாலோ, மேலே பொடிப்பொடியாக் குமிழ் இருந்தாலோ, அச்சில் வார்த்த போலின்னு சந்தேகப்படுவாங்க. கோணலா விழுந்த அடியைக் குறையா நினைக்க மாட்டாங்க.

ரோமாபுரிக் காசும் இப்படி அடிச்சதுதான். அது நம்ம பக்கமே நிறையக் கிடைச்சிருக்கு. பழனி தாலுகா கலையம்புத்தூரில் 1856-ல் 63 தங்கக்காசு கிடைச்சதாப் பட்டியலில் இருக்கு (வெள்ளைக்காரங்க ஊர்ப்பேரை ஆளுக்கொரு விதமா எழுதி வைச்சிருக்காங்க). 1946-ல் உடுமலைப் பக்கம் பூதிநத்தத்தில் ஆயிரத்துக்கும் மேல வெள்ளிக்காசு. புதுக்கோட்டைப் பக்கம் 1898-ல் எடுத்த 501 தங்கக்காசில் பெரும்பாலானதில் ராசா முகத்துக்குக் குறுக்கே உளி வெட்டு இருக்கு. மறுபடி காசாச் செல்லாம ஆக்க வெட்டினாங்கன்னு சிலர் சொல்றாங்க. எனக்கும் அதுதான் சரின்னு படுது. நம்ம ஆளுங்களுக்கு ராசா யாரா இருந்தா என்ன, எடைதானே கணக்கு.

ஆனா என் மனசை அறுக்கிறது பெருவழுதி காசுதான். சங்க காலத்து மன்னர்கள் சொந்தமாக் காசே போடலைன்னு ரொம்ப நாள் பேசிக்கிட்டிருந்தாங்க. 1980-களில் தினமலர் ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி ஒரு சின்னச் சதுரச் செப்புக்காசில் 'பெருவழுதி'ன்னு தமிழி எழுத்தைப் படிச்சார். பாண்டியன் பேரு! பேச்சே மாறிப்போச்சு. அந்தக் காசு என்னை மாதிரி ஒரு ஆள் கையில் முதல்ல சிக்கியிருந்தா?

காட்டில் ஏதாச்சும் கிடைச்சா, மண்ணோடவே காகிதத்தில் மடிச்சு வையுங்க. கிடைச்ச இடத்தைக் குறிச்சுக்குங்க. புதையலா இருந்தா கலெக்டருக்குத் தெரிவிக்கணும்னு 1878-லிருந்தே சட்டம் இருக்கு.

என் காசு திருநீற்றுச் சம்படத்தில் கிடக்கு. பேத்தி வந்தால் எடுத்து வெயிலில் சாய்ச்சுப் பார்ப்பாள். "தாத்தா, இது யானைக்காலா, மரமா?"ன்னு கேட்பாள். யானைன்னுதான் சொல்லி வைச்சிருக்கேன்.