கரிசல் காற்றாலைகளின் கடைசிக் கணக்கு

பசுவந்தனைக்கு மேற்கே, கயத்தாறு வரையிலான மானாவாரிக் கரிசலில் உளுந்துக்கும் மக்காச்சோளத்துக்கும் நடுவே காற்றாலைகள் நிற்கின்றன. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்றை நம்பி நட்டவை இவை. பழையவை 225, 250 கிலோவாட் திறன் கொண்டவை. பல நூற்பாலைகளுக்குச் சொந்தமானவை.

சூழல் அக்கறைதான் ஆலைகளைக் காற்றாலைப் பக்கம் திருப்பியது என்பது பிற்காலப் பேச்சு. சொந்த மின்சாரம் ஒரு காரணம். அதற்குச் சற்றும் குறையாத காரணம் வருமான வரி. 1990களில் முதல் ஆண்டிலேயே 100 சதவீதத் தேய்மானம் கிடைத்தது. பின்பு அது 80 ஆனது. 2012இல் நிறுத்தப்பட்டு, 2014இல் திரும்பி வந்து, 2017 முதல் 40 சதவீதமாகக் குறைந்தது. செப்டம்பருக்குள் ஓடவிட்டால் முழுச் சலுகை, தாண்டினால் பாதி. எந்திரம் எப்போது சுழலத் தொடங்க வேண்டும் என்பதை ஆடிக் காற்றைவிட ஆடிட்டரே அதிகம் தீர்மானித்தார்.

அந்தக் கணக்கில் எந்திரத்தின் முடிவு என்பதே இல்லை. சொத்தைப் பிரித்தெடுத்து நிலத்தைச் சீராக்கும் கடமை இருந்தால், அந்தச் செலவையும் தொடக்கத்திலேயே சொத்தின் மதிப்பில் சேர்க்கச் சொல்கிறது இந்தியக் கணக்கியல் தரம் 16. குத்தகை நிலமானால் ஒப்பந்தமே அந்தக் கடமையை உண்டாக்கும். இங்கே நிலம் பெரும்பாலும் கிரயம் வாங்கியது. யாரிடமும் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை என்பதால், கரிசலுக்குள் புதைந்த கான்கிரீட் அடித்தளம் எந்த ஏட்டிலும் செலவாக ஏறவில்லை.

கோபுரத்து இரும்புக்கும் ஜெனரேட்டரின் செம்புக்கும் கவலை இல்லை. காயலான் கடை அவற்றைத் தேடி வரும். கியர்பாக்ஸ் இன்னொரு பழைய எந்திரத்துக்கு உதிரிபாகமாகப் போகும். சிக்கல் இறக்கையில்தான். கண்ணாடி இழையும் பிசினும் இறுகிய அதை உருக்கி வார்க்க முடியாது. அமெரிக்காவின் வயோமிங்கில் துண்டு துண்டாக வெட்டிப் புதைத்தார்கள். ஜெர்மனியில் சிமென்ட் உலைக்கு அனுப்பினார்கள். பிசின் எரிபொருளாகிறது, கண்ணாடியின் சிலிக்கா மணலுக்கு ஈடாகிறது. தாழையூத்திலும் துலுக்கப்பட்டியிலும் உலைகளை வைத்திருக்கும் நமக்கு இரண்டாவது வழி எட்டாத ஒன்றல்ல. ஆனால் யார் பொறுப்பில்? சூரியத் தகடுகளைச் சேர்த்துக்கொண்ட 2022ஆம் ஆண்டு மின்கழிவு விதிகளின் பட்டியலில் காற்றாலை இறக்கை இல்லை. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கேட்கும் நிலைத்தன்மை அறிக்கையோ முதல் 1000 பட்டியலிட்ட நிறுவனங்களுக்கே கட்டாயம். பல நூற்பாலைகள் அந்த வட்டத்துக்கு வெளியே நிற்கின்றன.

பழைய எந்திரங்களின் இந்தச் சிக்கலை டிஜிட்டல் கருவிகள் தீர்த்துவிடும் என்ற நம்பிக்கையை நான் பாதிதான் ஏற்கிறேன். அதிர்வு உணரி, பேரிங் தேய்வதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். பழைய காற்றாலைக்குப் பதில் புதியதை நிறுவுவதா, புதுப்பிப்பதா, ஆயுளை நீட்டிப்பதா என்ற மூன்று வழிகளைத் தமிழ்நாட்டின் 2024ஆம் ஆண்டுக் கொள்கை முன்வைக்கிறது; ஓட்ட வரலாறு கையில் இல்லாதவர் இவற்றில் ஒன்றைத் தேர்வது குருட்டுத் தேர்வே. ஆனால் அந்தத் தரவு பராமரிப்பு நிறுவனத்தின் சர்வரில் கிடந்தால் உரிமையாளருக்கு என்ன பயன்? மேலும், திரையில் இருப்பதெல்லாம் மெய்யாகிவிடாது: பிளாஸ்டிக் மறுசுழற்சிக்கான இணையதளத்தில் சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ்களை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2023இல் கண்டறிந்தது.

ஆகவே பதிவும் பணமும் சேர்ந்தே வர வேண்டும். பிசினின் வகை, இறக்கையின் எடை, ஓட்டத் தரவு ஆகியவை எந்திரத்தோடு உரிமையாளருக்குக் கைமாற வேண்டும். தேய்மானச் சலுகை பெறும் ஆண்டிலேயே இறக்கையை உலைக்குக் கொண்டுசேர்க்கும் செலவை வைப்புத்தொகையாகக் கட்டச் செய்து, உலையின் எடைமேடைச் சீட்டைக் காட்டினால் திருப்பித் தரலாம். புதிய எந்திரங்களுக்கு இது பொருந்தும். ஏற்கெனவே நிற்பவற்றுக்கு, சலுகை கொடுத்து முடித்த அரசும் செலவில் ஒரு பங்கை ஏற்க வேண்டியிருக்கும்.