கடுங்குளிரும் மின்சார மோட்டார் வண்டியும்

மின்சாரத்தால் ஓடும் மோட்டார் வண்டி நம் காலத்துப் புதுமை என்று எண்ணுவோர் பலர். உண்மை அதுவன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமெரிக்க நகரங்களில் மின்வண்டிகள் ஓடின. உறைபனியில் வண்டி நின்றால் உள்ளிருப்போர் உயிருக்கே இடராகும். ஆதலின் அவ்வண்டியைக் குளிர்காலத்தில் நம்பலாமா என்னும் வினாவும் பழையதே.

அந்நாளில் பெட்ரோல் வண்டியைக் கைப்பிடியால் சுழற்றியே கிளப்ப வேண்டும். குளிரில் எண்ணெய் இறுகிவிடும். சுழற்றுவோர் கை முறிவதும் உண்டு. மின்வண்டிக்கு அத்தொல்லை இல்லை. பனி மிகுந்த டிட்ராய்ட் நகரில் 1907 முதல் மின்வண்டிகள் செய்யப்பட்டன. பெட்ரோல் வண்டியால் புகழ்பெற்ற ஹென்றி ஃபோர்டின் மனைவியாரே அத்தகைய வண்டி ஒன்றை ஓட்டினார்.

எனினும் மின்வண்டிக்கும் ஒரு குறை இருந்தது. மின்கலத்தில் ஆற்றல் பிறப்பது வேதியியல் மாற்றத்தால். குளிரில் அம்மாற்றம் மந்தமாகும். எடிசன் அரிதின் முயன்று உருவாக்கிய நிக்கல்-இரும்பு மின்கலம் நெடுநாள் உழைக்கும். ஆனால் குளிரில் தளர்ந்துவிடும். 1912இல் காடிலாக் வண்டியில் சார்லஸ் கெட்டரிங்கின் செல்ஃப் ஸ்டார்ட்டர் பொருத்தப்பட்டதும் கைப்பிடித் தொல்லை ஒழிந்தது. பெட்ரோல் வண்டி வென்றது.

1997இல் ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் பெட்ரோலும் மின்சாரமும் கூடிய பிரியஸ் என்னும் கலப்பு வண்டியை வெளியிட்டது. குளிரில் அதற்கு வேறொரு குறை: வெப்பம் தருவதற்காகவே பெட்ரோல் இயந்திரம் அடிக்கடி ஓடுவதால் சிக்கனம் குறைகிறது.

மின்வண்டி மீண்டும் தழைத்தது பனிநாடாகிய நார்வேயில் என்பது கருதத்தக்கது. 1990 முதல் அரசு வரிச்சலுகைகள் அளித்தது. 2024இல் அங்கு விற்பனையான புதிய கார்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 89 மின்வண்டிகளே.

அவ்வாண்டு ஜனவரி மாதம் இரு நாடுகளையும் சோதித்தது. அமெரிக்காவின் சிக்காகோ நகரில் மின்னேற்று நிலையங்களில் வண்டிகள் வரிசையாகக் காத்து நின்றன; சில அங்கேயே செயலற்றுப் போயின. நார்வேயின் வடகோடியிலோ குளிர் உறைநிலைக்குக் கீழ் 43 பாகைக்கு இறங்கியது. ஆயினும் அங்கு மின்வண்டிப் போக்குவரத்து நிலைகுலையவில்லை.

இவ்வேறுபாட்டின் காரணம் யாது? நார்வே மக்களுள் பலர் இரவில் வீட்டிலேயே மின்னேற்றுகின்றனர். புறப்படுமுன், மின்கம்பி இணைப்பில் இருக்கும்போதே வண்டியைச் சூடாக்கிக்கொள்கின்றனர். சிக்காகோவில் வீட்டில் அவ்வசதி இல்லாதோர் பொது நிலையங்களை நாடினர். குளிர்ந்த மின்கலம் மின்சாரத்தை மெல்லவே ஏற்கும். ஆதலின் ஒவ்வொரு வண்டிக்கும் நேரம் நீண்டது, வரிசையும் நீண்டது. காத்திருந்தோர் குளிர்காயவே எஞ்சிய மின்சாரமும் கரைந்தது.

குளிரில் மின்வண்டி செல்லும் தொலைவு குறைவது மெய்; அதை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால் குறையை முன்னறிந்து ஏற்பாடு செய்தவர்களுக்கு அது குறையாக மட்டும் நின்றது; செய்யாதவர்களுக்கு இடராயிற்று. பொறியின் நம்பகத்தில் பாதி பொறியில் உள்ளது. மறுபாதி அதனைப் பேணும் முறையில் உள்ளது.